அடுக்கடுக்காக எண்ணெய் வண்ண ஓவியம்: பித்தளைச் சொம்பும் மாதுளையும் வரைய ஒரு முழு வழிகாட்டி

ஒரே நாளில் முடித்த எண்ணெய் ஓவியத்தையும், வாரக்கணக்கில் பூச்சு மேல் பூச்சாக வளர்த்த ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் முதலில் சிவப்பில்தான் தெரியும். சிவப்பை வெள்ளையோடு கலந்து பூசினால் நிறம் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. வெளிறிய அடிப்பூச்சு காய்ந்த பிறகு அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பை மெல்லிசாகப் பூசினால் கதையே வேறு. வெளிச்சம் சிவப்புக்குள் நுழைந்து, அடியில் இருக்கும் வெளிறிய பூச்சில் பட்டு, திரும்பவும் சிவப்பு வழியாகவே வெளியே வருகிறது. நிறம் உள்ளிருந்து எரிவதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். 1432-இல் முடிந்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரிலுள்ள பலிபீட ஓவியத்தில் யான் வான் ஐக் என்ற ஓவியர் வரைந்த அங்கிகளின் சிவப்பும் பச்சையும் இன்றுவரை மங்காமல் நிற்பது இந்த வழியில்தான்.

ஆனால் பளபளப்புக்காக மட்டும் நான் இந்த முறையைப் பரிந்துரைக்கவில்லை. வடிவம், வெளிச்சம், நிறம் மூன்றையும் ஒரே தூரிகை வீச்சில் சரியாகப் பிடிப்பது பெரிய கலைஞர்களுக்கே சிரமம். அடுக்கு முறையில் அந்த மூன்றும் தனித்தனி நாட்களின் வேலை. இன்றைக்கு நிழல் சரியா என்று மட்டும் பார்த்தால் போதும், நிறத்தைப் பற்றி அடுத்த வாரம் கவலைப்படலாம். புதிதாக எண்ணெய் வண்ணம் எடுப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியவில்லை.

பயிற்சிக்கு ஒரு எளிய காட்சியை எடுத்துக்கொள்வோம்: ஒரு பித்தளைச் சொம்பு, இரண்டு மாதுளை, கீழே மடித்து விரித்த ஒரு வெள்ளை வேட்டி. அளவு 12-க்கு 16 அங்குலம். ஜன்னல் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். சொம்பை ரொம்பத் தேய்த்துப் பளிச்சென்று வைக்காதீர்கள். லேசாகக் கறுத்த பித்தளைதான் வரைய அழகு. மாதுளை வாடிவிடும் என்பதால் முதல் நாளே நல்ல வெளிச்சத்தில் நாலைந்து போட்டோ எடுத்து வையுங்கள். மொத்த வேலை, காயும் நேரத்தையும் சேர்த்து, ஐந்து முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

பொருட்கள்

வண்ணங்கள் எட்டு போதும்: டைட்டானியம் வைட், எல்லோ ஆக்கர், ரா சியன்னா, ரா அம்பர், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் புளூ, காட்மியம் ரெட் லைட், குவினாக்ரிடோன் ரோஸ். கறுப்பு வேண்டாம். ஐவரி பிளாக் மிக மெதுவாகக் காயும். அடி அடுக்கில் போட்டால் தொந்தரவு. பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கறுப்பைவிட நல்ல கருமை கிடைக்கும்.

டியூபின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். காலிச் சதுரம் போட்டிருந்தால் ஒளி ஊடுருவும் வண்ணம், நிரப்பிய சதுரம் என்றால் ஊடுருவாது, பாதி நிரப்பியிருந்தால் இரண்டுக்கும் நடுவே. நிறமியின் குறியீட்டு எண்ணும் அங்கேயே இருக்கும். வெள்ளையை வாங்கும்போது பி.டபிள்யூ. 6 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.டபிள்யூ. 4 என்றும் இருந்தால் அதில் துத்தநாக வெள்ளை கலந்திருக்கிறது. அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மையுள்ள படலத்தைத் தரும். அடுக்கு ஓவியத்தின் அடியில் அதற்கு இடமில்லை. அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் வரும் பி.ஆர். 83-ஐயும் தவிர்க்கச் சொல்வேன். மெல்லிய பூச்சாகப் போட்டால் வெளிச்சத்தில் மங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய உருவப்பட ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், முகங்களில் மங்கும் சிவப்புச் சாயத்தைப் பூசினார். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த முகங்கள் வெளிறத் தொடங்கின. நம் பட்டியலில் இருக்கும் குவினாக்ரிடோன், பி.வி. 19, அந்த வகையில் நம்பகமானது.

எண்ணெய் என்றால் ஓவியத்துக்கென்றே சுத்திகரித்த ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில். மேல் அடுக்குகளுக்கு அதையே சூடாக்கிக் கெட்டியாக்கிய ஸ்டாண்ட் ஆயில் இன்னும் நல்லது. ஹார்டுவேர் கடையில் மரவேலைக்கு விற்கும் கொதித்த லின்சீட் ஆயில் வேண்டாம், கறுத்துவிடும். சமையலறையில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் எத்தனை வருஷம் வைத்தாலும் காயாது.

தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போவதால் எண்ணெய் வண்ணம் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு எண்ணெயே கெட்டிப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் விதிகளில் பாதி தானாகவே புரியும். ஈரமான படத்தை பீரோவில் பூட்டி வைக்கக்கூடாது, காற்றும் வெளிச்சமும் வேண்டும். சென்னையில் மே மாதம் மூன்று நாளில் காய்வது, நவம்பர் மழையில் ஒரு வாரம் இழுக்கும்.

அடித்தளம்

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேன்வாஸில் ஏற்கெனவே அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசியிருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் நெசவு சொரசொரப்பாகத் தெரியும். மெல்லிய பூச்சு அந்தக் குழிகளில் தேங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் இன்னும் இரண்டு கை ஜெஸ்ஸோ பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320-ஆம் எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். எனக்குக் கேன்வாஸைவிட எம்.டி.எஃப். பலகை பிடிக்கும். இருபக்கமும் ஜெஸ்ஸோ பூசினால் வளையாது, பரப்பும் வழவழவென்று இருக்கும்.

படத்தை முதலில் காகிதத்தில் முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள். சொம்பின் வாய் நீள்வட்டம் கோணலாக இருந்தால் எத்தனை அடுக்குப் பூசினாலும் கோணல்தான். திருத்துகிற வேலையெல்லாம் காகிதத்திலேயே நடக்கட்டும். பிறகு காகிதத்தின் பின்பக்கம் கரித்துண்டைத் தேய்த்து, பலகையில் வைத்து, கோடுகள் மேல் பென்சிலால் அழுத்திப் பிரதி எடுங்கள். அந்தக் கரிக்கோட்டின் மேல் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் என்ற கரைப்பானில் மை போலக் கரைத்த ரா அம்பரால் மெல்லிய தூரிகைக் கோடு போட்டுக் காயவிட்டு, மிச்சமுள்ள கரியைத் தட்டிவிடுங்கள்.

வெள்ளைப் பரப்பில் நேரடியாக ஆரம்பித்தால் எந்த நிறத்தைத் தொட்டு வைத்தாலும் கறுப்பாகத் தெரியும், கண் ஏமாறும். எனவே ரா அம்பரோடு கொஞ்சம் எல்லோ ஆக்கர் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பரப்பு முழுவதும் பூசி, பழைய பருத்தித் துணியால் துடைத்து எடுங்கள். தேன் நிறத்தில் ஒரு சாயம் தங்கினால் போதும். இத்தாலிய ஓவியர்கள் இதை இம்பிரிமதுரா என்பார்கள். ஒரு நாளில் காய்ந்துவிடும். அவசரமென்றால் இந்தச் சாயத்தை அக்ரிலிக் வண்ணத்திலேயே போடலாம், அரை மணியில் காயும். அக்ரிலிக் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக்கை மட்டும் என்றைக்கும் பூசாதீர்கள்.

முதல் அடுக்கு: அம்பர்

இப்போது ரா அம்பர் ஒன்றே வண்ணம், டர்பன்டைன் ஒன்றே துணை, எண்ணெய் சேர்க்கவே கூடாது. நிழல் பகுதிகளை நிரப்புங்கள். வெளிச்சம் விழும் இடத்தைத் துணி சுற்றிய விரலால் துடைத்து எடுங்கள். சொம்பின் வயிற்றில் ஜன்னல் பிரதிபலிப்பு, மாதுளையின் மேல் தோள், வேட்டியின் மடிப்பு முகடு என்று வெளிச்சம் எல்லாம் துடைத்தே வர வேண்டும். ஒரு மணி நேர வேலைதான், ஆனால் படத்தின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் காட்சி இரண்டு மூன்று பெரிய இருட்டு, வெளிச்சத் திட்டுகளாகப் பிரிய வேண்டும். பிரியவில்லையென்றால் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் வேகமாகக் காயும். அடி அடுக்குக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

இரண்டாம் அடுக்கு: நிறமில்லாத படம்

கிரிசாய் எனப்படும் இந்தச் சாம்பல் நிறப் படம்தான் முறையின் முதுகெலும்பு, இங்கே அவசரப்படவே வேண்டாம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்து நடுநிலையான கருமை ஒன்று செய்யுங்கள். அதோடு வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்து பேலட்டில் ஏழு படி சாம்பல்களை வரிசையாக வையுங்கள். பேலட் கத்தியால் கலக்குங்கள். தூரிகையால் கலக்கினால் படிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சேறாகிவிடும்.

முக்கியமான சூட்சுமம்: முடிவில் படம் எவ்வளவு இருட்டாக வேண்டுமோ, அதைவிட இரண்டு படி வெளிறலாக இந்த அடுக்கை வரையுங்கள். மேலே வரும் ஒவ்வொரு ஊடுருவும் பூச்சும் படத்தை இருட்டாக்கும். சிவப்பு மாதுளையை உள்ளபடியே நடுத்தர இருட்டாக இங்கே வரைந்துவிட்டால், சிவப்புப் பூசியபின் கறுத்த நாவல் பழமாகத்தான் வந்து நிற்கும். மாதுளை இப்போது சுண்ணாம்பு பூசிய உருண்டை மாதிரி இருந்தால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வெளிச்சத்தில் வண்ணம் கொஞ்சம் தடிமனாக இருக்கலாம். நிழலில் மெல்லிசாகவே விடுங்கள், அடியிலுள்ள அம்பர் தெரியட்டும். வண்ணத்தை டியூபில் வந்தபடியே, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு சொட்டு டர்பன்டைனோடு பயன்படுத்துங்கள். ஓரங்களைப் பாருங்கள்: சொம்பின் வெளிச்சப் பக்கம் கூர்மையாகவும், நிழல் பக்கம் பின்னணியோடு கரைந்தும் இருக்க வேண்டும். மாதுளையின் கிரீடத்தை இலை இலையாக இப்போதே வரைந்து முடியுங்கள். நிறம் போடும்போது வடிவத்தைத் தேடக்கூடாது. முடித்ததும் படத்தையும் காட்சியையும் மொபைலில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்து ஒப்பிட்டால் தவறு பளிச்சென்று தெரியும்.

முகம் வரைபவர்கள் இந்த அடுக்கில் சாம்பலுக்குப் பதில் மந்தமான பச்சையைப் போடுவதுண்டு. மேலே வரும் இளஞ்சிவப்போடு சேர்ந்து அது தோலின் நிறமாகிறது. பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியப் பலகை ஓவியங்கள் சிலவற்றில் மாதாவின் முகம் பச்சையாகத் தெரிவதற்கு, மேலே இருந்த இளஞ்சிவப்பு போய் அடிப்பச்சை வெளியே வந்ததுதான் காரணம்.

டைட்டானியம் வெள்ளை கலந்த பூச்சு காய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். விரலால் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. வெள்ளைத் துணியில் துளி டர்பன்டைன் தொட்டு ஒரு மூலையில் லேசாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் இன்னும் காயவில்லை.

கொழுப்பு மேலே, மெலிவு கீழே

அடுத்த அடுக்குக்குப் போகும் முன் இந்த விதியைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் எண்ணெய் அதற்குக் கீழுள்ள அடுக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். எண்ணெய் குறைந்த பூச்சு சீக்கிரம் காய்ந்து விறைப்பாகிறது. எண்ணெய் மிகுந்தது மெதுவாகக் காய்ந்து நெகிழ்வாக இருக்கிறது. விறைப்பானது மேலேயும், இன்னும் அசைந்துகொண்டிருப்பது கீழேயும் இருந்தால் மேலே இருப்பது வெடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பல ஐரோப்பிய ஓவியர்கள் பிட்யூமன் என்ற தார் போன்ற பழுப்பை ஆசைப்பட்டு நிழல்களில் பூசினார்கள். அது ஒழுங்காகக் காயவே காயாத பொருள். அந்தப் படங்களின் நிழல்கள் கறுத்து, முதலைத் தோல் போல் பிளந்து கிடக்கின்றன.

நடைமுறையில் நான் சொல்லும் கணக்கு இது. முதல் அடுக்குக்கு டர்பன்டைன் மட்டும். சாம்பல் படத்துக்கு டியூபில் உள்ளபடி. நிற அடுக்குக்கு ஒரு பங்கு ஸ்டாண்ட் ஆயிலுக்கு மூன்று பங்கு டர்பன்டைன். முதல் கிளேஸுக்கு, அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய நிறப்பூச்சுக்கு, ஒன்றுக்கு இரண்டு. கடைசி கிளேஸ்களுக்கு ஒன்றுக்கு ஒன்று. மூன்று சிறிய பாட்டில்களில் கலந்து, பெயர் ஒட்டி வைத்துவிட்டால் குழப்பமில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேகமாகக் காயும் செயற்கைப் பிசின் கலவையான ஆல்கைட் மீடியம் இருக்கிறது, கிளேஸ் ஒரு நாளில் காய்ந்துவிடும். அதை எடுத்தால் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மாற்றி மாற்றிக் கலக்காதீர்கள்.

மூன்றாம் அடுக்கு: முதல் நிறம்

இங்கே நிறம் பாதி ஊடுருவும், பாதி மூடும். மாதுளையின் வெளிச்சப் பகுதிக்குக் காட்மியம் ரெட் லைட்டோடு துளி ஆக்கர், துளி வெள்ளை. நிழலுக்குக் காட்மியத்தோடு பர்ன்ட் அம்பர். மாதுளை ஆரஞ்சு சாய்ந்த, கொஞ்சம் முரட்டுத்தனமான சிவப்பில் நிற்கும், பார்க்கத் தக்காளி மாதிரிகூட இருக்கும். பயப்பட வேண்டாம். வெனிஸிலும் ஃபிளாண்டர்ஸிலும் அன்றைய ஓவியர்கள் வெர்மிலியன் சிவப்பை அடியில் போட்டு, அதன் மேல் குளிர்ந்த சிவப்புச் சாயத்தைக் கிளேஸாகப் போட்டார்கள். நாம் செய்வதும் அதே ஜோடிதான், பொருட்கள் மட்டும் புதுசு.

பித்தளைக்கு ஆக்கர், ரா அம்பர், வெள்ளை. பித்தளை மஞ்சள் என்று நினைத்து மஞ்சளை அள்ளிப் பூசினால் பிளாஸ்டிக் சொம்பாகிவிடும். உற்றுப் பார்த்தால் அதில் பாதி பழுப்பு, கால்வாசி பச்சை கலந்த சாம்பல். மிச்சம் சுற்றியுள்ள பொருட்களின் பிம்பம். மாதுளையின் சிவப்பு சொம்பின் வயிற்றில் வளைந்து தெரியும் இடத்தை மறக்காதீர்கள். சொம்பையும் பழத்தையும் ஒரே அறையில் உட்கார வைப்பது அந்த ஒரு வளைவுதான். பின்னணிக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் மெல்லிசாக. ஒரு வாரம் காயட்டும்.

கிளேஸ்

புது அடுக்கைத் தொடங்கும் முன் படத்தைச் சாய்த்துப் பாருங்கள். சில இடங்கள் மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். கீழ் அடுக்கு எண்ணெயை உறிஞ்சியதால் வரும் மங்கல் இது, நிறத்தைத் தப்பாகக் காட்டும். கொஞ்சம் எண்ணெய்க் கலவையைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் தேய்த்து, உடனே நன்றாகத் துடைத்து எடுங்கள். நிறம் திரும்பிவிடும்.

இப்போது குவினாக்ரிடோன் ரோஸில் பட்டாணி அளவு எடுத்து, ஒன்றுக்கு இரண்டு கலவையில் குழைத்து, மென்மையான தட்டைத் தூரிகையால் மாதுளை முழுவதும் பரப்புங்கள். நிறைய இருக்கிறது என்று தோன்றினால் நிறையத்தான் இருக்கிறது. காய்ந்த இன்னொரு தூரிகையால் மெதுவாகத் தட்டித் தட்டிச் சமப்படுத்துங்கள். பிறகு வெளிச்சம் விழும் தோளில் மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். தக்காளி கண்ணெதிரே மாதுளையாகும் இந்தக் கட்டத்துக்காகத்தான் முந்தைய மூன்று வாரமும்.

சில சமயம் கிளேஸ் பரவாமல், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு நிற்கும். கீழ்ப்பரப்பு ரொம்ப வழவழப்பாகிவிட்டது என்று பொருள். வெட்டிய உருளைக்கிழங்கையோ வெங்காயத்தையோ பரப்பில் தேய்த்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பூசுவது பழைய ஓவியர்களின் கைவைத்தியம்.

சொம்பின் வெளிச்சத்தில் ரா சியன்னா கிளேஸ். அதன் நிழலில் பர்ன்ட் அம்பரோடு கொஞ்சம் அல்ட்ராமரைன். இந்தியன் எல்லோ என்ற டியூப் வைத்திருப்பவர்கள் பித்தளை மேல் ஒருமுறை போட்டுப் பாருங்கள், பொன்னாகிவிடும். பழைய காலத்தில் அந்த நிறத்தை பீகாரின் முங்கேர் பக்கம் மாவிலை தின்ற பசுக்களின் மூத்திரத்திலிருந்து காய்ச்சி எடுத்தார்கள் என்று திரைலோக்கியநாத் முகோபாத்யாய் 1883-இல் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய டியூபில் இருப்பது வேறு நிறமி.

ஒரே கிளேஸில் முழு ஆழத்தையும் கொண்டுவர முயல வேண்டாம். தடித்த எண்ணெய்ப் பூச்சு சுருங்கி வரி வரியாகும், மஞ்சளும் அடிக்கும். மெல்லிசாக மூன்று போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலைந்து நாள். ஈரமான கிளேஸ் தூசியை இழுக்கும். படத்தைச் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வையுங்கள், ஃபேனுக்கு நேரே வைக்காதீர்கள். கொசு வந்து ஒட்டிக்கொண்டால் உடனே எடுக்கப் போய்த் தீற்றிவிடாதீர்கள். காய்ந்தபின் ஊசி முனையால் தட்டினால் வந்துவிடும்.

கிளேஸுக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஒரு பாடம். அதன் பின்னணி வெறும் இருட்டு என்று நினைத்திருந்தோம். அவுரி நீலமும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளும் கலந்த பச்சைக் கிளேஸ் அங்கே இருந்ததும், 2018-இல் செய்த ஆய்வில் அது ஒரு பச்சைத் திரைச்சீலை என்பதும் தெரியவந்தன. தாவரச் சாயம் போய்விட்டது, இருட்டு மட்டும் நின்றுவிட்டது.

வேட்டிக்கு எதிர்த்திசையில் வேலை செய்ய வேண்டும். கிளேஸ் என்பது இருட்டை ஊடுருவும்படி பூசுவது. ஸ்கம்பிள் என்பது வெளிறிய நிறத்தை இருட்டின் மேல் தூவுவது. சொரசொரப்பான தூரிகையில் மிகக் குறைவாக வெள்ளை எடுத்து, துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, மடிப்பின் சாம்பல் மேல் உரசுங்கள். நீலமே சேர்க்காமல் நிழல் லேசாக நீலம் பூக்கும். வெள்ளைத் துணி வரைவதில் இதைவிட எனக்குப் பிடித்த தருணம் கிடையாது.

கடைசியில் சொம்பின் மேல் ஜன்னல் வெளிச்சப் புள்ளி: துளி ஆக்கர் கலந்த கெட்டி வெள்ளை, ஒரே தொடுகை, அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும்.

துணி, வார்னிஷ்

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டர்பன்டைனை சிங்க்கில் கொட்ட வேண்டாம். ஒரு பாட்டிலில் விட்டுவைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். அதற்குள் கண்காட்சி வந்தால் ரீடச்சிங் வார்னிஷ் என்ற மெல்லிய தற்காலிகப் பூச்சு போதும். டாமர் பிசின் வார்னிஷ் வருஷம் போகப் போக மஞ்சளாகும், செயற்கைப் பிசின் வார்னிஷே மேல். மழை நாளில் பூசாதீர்கள், ஈரம் மாட்டிக்கொண்டு வெண்மூட்டமாக நின்றுவிடும். வெயில் நாளில், படத்தைப் படுக்கப் போட்டு, அகலமான தூரிகையால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒரே சீராகப் பூசி, திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தொடாமல் விடுங்கள். பலகையின் பின்பக்கம் தேதி, நிறமிகள், மீடியம், எந்த வார்னிஷ் என்று எழுதி வைத்தால், பின்னொரு நாள் அதைச் சுத்தம் செய்பவருக்கு எதைக் கொண்டு கரைப்பது என்று தெரியும்.